ஆற்றின் குறுக்கே கேபிள் பாலம் கட்டுவது எப்படி? சூட்டோங் பாலத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கேபிள் பாலம் கட்டுகிறவர்கள் உண்மையில் ஒரு பாலத்தை மட்டும் கட்டுவதில்லை. கோபுரம் தனியாக நிற்கும்போது அது ஒரு அமைப்பு. அதிலிருந்து வண்டிகள் ஓடப்போகும் தளம் பத்துத் துண்டு நீண்டதும் எடை, இழுவிசை, காற்றில் ஆடுகிற விதம் எல்லாம் மாறி அது வேறொரு அமைப்பாகிவிடுகிறது. நடு ஆற்றில் இரண்டு பக்கமும் சேரும் வரை இப்படி வாரத்துக்கு ஒரு பாலம் உருவாகி, அடுத்த வாரம் காணாமல் போகிறது. ஆனால் அது இருக்கிற நாட்களில் பத்திரமாக நிற்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், கீழே வரும் வேலைகள் ஏன் இந்த வரிசையில் நடக்கின்றன என்பது தானாக விளங்கும்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது சீனாவில் யாங்சே ஆறு கடலை நெருங்கும் இடத்தில் சூசோ பகுதியையும் நான்டோங்கையும் இணைக்கும் சூட்டோங் பாலம். 2003ல் வேலை தொடங்கி 2008ல் திறந்தார்கள். ஆறு வழி நெடுஞ்சாலை. சைட்டில் ஸ்பான் என்று சொல்வதை நம் ஊரில் பாலத்தின் கண் என்போம். சூட்டோங்கின் நடுக் கண் 1088 மீட்டர். கேபிள் பாலங்களில் 1000 மீட்டரைத் தாண்டிய முதல் கண் அது. 2012ல் ரஷ்யாவின் ரூஸ்கி தீவுப் பாலம் 1104 மீட்டரோடு அதை முந்தியது. ஆனாலும் கற்றுக்கொள்ள சூட்டோங்தான் நல்ல பாடம். சேறு, கப்பல், புயல், ஆழம் என்று ஒரு பெரிய ஆறு தரக்கூடிய தொந்தரவுகள் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருந்தன.

முதலில், எடை போகிற வழி

தளத்தின் எடையைச் சாய்வான கேபிள்கள் தூக்கிப் பிடிக்கின்றன. கேபிள்கள் அதைக் கோபுரத்திடம் கொடுக்கின்றன. கோபுரம் அதை அடித்தளத்துக்கு இறக்குகிறது. தொங்குபாலத்தில் இரண்டு கரையிலும் பிரம்மாண்டமான நங்கூரக் கட்டைகள் வேண்டும், பிரதான கேபிளை அவைதான் இழுத்துப் பிடிக்கும். கேபிள் பாலத்துக்கு அது தேவையில்லை. கேபிள் சாய்வாக இழுப்பதால் அந்த இழுப்பின் கிடைமட்டப் பங்கு தளத்துக்குள்ளேயே அழுத்தமாக இறங்கி, கோபுரத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகிறது. அதனால்தான் தளத்தில் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் இடம் கோபுரத்தை ஒட்டிய பகுதி. பாலம் நீள நீள அங்கே தகடு தடிக்க வேண்டியிருக்கும்.

இதிலிருந்து வருகிற பெரிய வசதி: கரையில் நங்கூரம் கட்டி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். கோபுரம் எழுந்ததும் இரண்டு பக்கமும் கை நீட்டுவது போலத் தளத்தை நீட்டிக்கொண்டே போகலாம். கீழே கப்பல் போய்க்கொண்டே இருக்கும். பெரிய ஆறுகளில் இந்த வகை பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

படி 1: ஆற்றைப் படிப்பது

நடுக் கண் எவ்வளவு நீளம் என்பதைப் பொறியாளர் ஆசைப்பட்டுத் தீர்மானிப்பதில்லை. கப்பலும் மண்ணும் தீர்மானிக்கின்றன. சூட்டோங் இருக்கும் இடத்தில் ஆறு சுமார் 6 கிலோமீட்டர் அகலம். கப்பல் போக 891 மீட்டர் அகலமும் 62 மீட்டர் உயரமும் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு வெளியே கோபுரத்துக்கு இடம் பார்த்தால் கண் 1000 மீட்டரைத் தாண்டித்தான் ஆகவேண்டும். மொத்தப் பாலம் 8 கிலோமீட்டருக்கு மேல் போனாலும், கேபிள் தாங்குகிற பகுதி 2088 மீட்டர்தான். மீதி எல்லாம் சாதாரணத் தூண்கள் மேல் நிற்கும் அணுகுபாலம்.

இந்த நிலையில் நான்கு விஷயங்களுக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். ஆற்றுப் படுகைக்கு அடியில் என்ன மண், எத்தனை ஆழம் வரை? வெள்ளத்தில் படுகை எவ்வளவு அரிக்கும்? மோதினால் மோதுகிற கப்பல் எவ்வளவு பெரியது? நூறு வருடத்தில் ஒரு முறை வரக்கூடிய காற்று எவ்வளவு வேகம்?

கப்பல் மோதலை யாரும் ஏட்டுக் கணக்காக நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் 1980 மே 9 அன்று மழைப்புயலில் ஒரு சரக்குக் கப்பல் தூணில் மோதியது. தளம் விழுந்து 35 பேர் இறந்தார்கள். 1987ல் அங்கே எழுந்த புதிய பாலம் ஒரு கேபிள் பாலம். அதன் முக்கியத் தூண்களைச் சுற்றித் தண்ணீருக்குள் தனியாகப் பாதுகாப்புத் திட்டுகளை அமைத்திருக்கிறார்கள்.

மண்ணைப் பொறுத்தவரை சூட்டோங்கில் கிடைத்தது கெட்ட செய்தி. பாறை 200 மீட்டருக்கும் கீழே இருந்தது. அதற்கு மேல் முழுக்க யாங்சே கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும் களிமண்ணும். பாறையில் கால் ஊன்றும் ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டியதாயிற்று.

படி 2: வடிவத்தை முடிவு செய்வது

சில விகிதங்கள் கைப்பழக்கத்தில் வந்துவிடும். தளத்துக்கு மேல் கோபுரத்தின் உயரம் நடுக் கண்ணில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு. அதைவிடக் குட்டையாக இருந்தால் கடைசிக் கேபிள் மிகவும் படுத்துப்போய், தூக்குவதைவிட்டுவிட்டுத் தளத்தை அமுக்கத்தான் செய்யும். சூட்டோங்கின் கோபுரம் மொத்தம் சுமார் 300 மீட்டர். தளத்துக்கு மேலே இருப்பதை மட்டும் கணக்கிட்டால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம்.

கோபுரம் தலைகீழான ஒய் எழுத்து வடிவத்தில் இருக்கிறது. இரண்டு கால்கள் தளத்துக்கு இருபுறமும் கிளம்பி, மேலே ஒன்றாகச் சேர்ந்துவிடும். அதனால் இரண்டு வரிசைக் கேபிள்களும் ஒரே உச்சியிலிருந்து கூடாரம் போல இறங்குகின்றன. தளம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இது பெரிய உதவி. நீளமான பாலத்தில் காற்று முதலில் செய்யப் பார்ப்பது அந்த முறுக்கலைத்தான்.

தளம் 41 மீட்டர் அகலமுள்ள எஃகுப் பெட்டி. உயரம் 4 மீட்டர் மட்டுமே. ஓரங்கள் விமானச் சிறகு போலக் கூர்மையாக்கப்பட்டிருக்கின்றன, காற்று பிளந்து போவதற்காக. இந்த வடிவத்தைக் காகிதத்தில் முடிவு செய்ய முடியாது. சிறிய மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முழுப் பாலத்தின் மாதிரியை மட்டும் பார்த்தால் போதாது. பாதி நீண்ட பாலத்துக்கும் தனி மாதிரி வேண்டும். இதைச் சிக்கனம் என்று யாராவது தவிர்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தப் பொருளில் கட்டுவது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கொல்கத்தாவில் ஹூக்ளி மேல் 457 மீட்டர் கண்ணோடு 1992ல் திறந்த வித்யாசாகர் சேதுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வடிவமைத்த ஜெர்மானியப் பொறியாளர் யோர்க் ஷ்லைக், வெல்டிங்குக்கு ஏற்ற எஃகு அப்போது இங்கே கிடைக்காததால் உத்திரங்களை ரிவெட் அடித்துச் சேர்க்கும்படி அமைத்தார். ஹவ்ரா பாலத்தை ரிவெட் அடித்தே எழுப்பிய ஊர் அது. கையில் இருக்கிற எஃகையும் தெரிந்த தொழிலையும் மதித்து வடிவம் அமைத்தார். எனக்கு அந்தப் பாலத்தின் மேல் இருக்கும் மரியாதைக்குப் பாதிக் காரணம் இது.

படி 3: பாலத்தைக் கணக்கில் பிரித்துப்போடுவது

ஆற்றில் ஒரு பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாகப் போகும் அடித்தளக் கான்கிரீட் தூண், இறங்குவதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். முழு வழிகாட்டியிலும் நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் படியைத்தான்.

கட்டி முடித்த பாலத்தைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். தளம் சரியான உயரத்தில், கேபிள்கள் சரியான இழுவிசையில், கோபுரம் நேராக. இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில் தார்ச்சாலையை எடுங்கள். அப்புறம் நடுவில் இருக்கும் இணைப்புத் துண்டு. அப்புறம் கடைசிக் கேபிள், கடைசித் துண்டு, அதற்கு முந்தைய கேபிள் என்று கோபுரம் மட்டும் மிஞ்சும் வரை. ஒவ்வொரு கழற்றலிலும் மிச்சம் இருப்பது எவ்வளவு தூக்கிக்கொள்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் புரட்டினால் கட்டும் வரிசை கிடைக்கும். பிறகு கான்கிரீட் நாளாக நாளாகச் சுருங்குவது, எடை தாங்கி மெல்லக் குறுகுவது, கிரேனின் எடை, தள்ளிவைத்த இரும்புச் சாமான்களின் எடை எல்லாவற்றையும் சேர்த்து முன்னோக்கி ஒரு முறை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேபிளுக்கு எந்த இலக்கை வைப்பது, இழுவிசையையா, நீளத்தையா? சின்னப் பாலத்தில் இழுவிசையை வைத்தே சமாளிக்கலாம். பெரிய பாலத்தில் இழுவிசை வெயிலுக்கு மாறும், தளத்தில் ஒரு கிரேன் பத்து மீட்டர் நகர்ந்தால் மாறும். இழுக்காத நிலையில் கேபிள் எத்தனை மீட்டர் என்பது மட்டும் மாறாது. அதனால் சூட்டோங்கில் நீளத்தையும் வடிவத்தையும் கைப்பிடியாக வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கேபிளும் தொழிற்சாலையிலேயே கணக்கிட்ட அளவில் வந்துவிட்டால், சேர்த்துக் கட்டும்போது பாலம் தன் வடிவத்துக்குத் தானே வந்து சேரும்.

தற்காலிகத் தாங்கிகளையும் இதே கவனத்தோடு கணக்கிட வேண்டும். வியட்நாமில் மீகாங்கின் கிளையான ஹௌ ஆற்றில் கான் தோ கேபிள் பாலம் கட்டும்போது, 2007 செப்டம்பர் 26 அன்று அணுகுபாலத்தின் ஒரு பகுதி சரிந்து 50க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். கோபுரத்திலோ கேபிளிலோ கோளாறு இல்லை. தற்காலிகத் தாங்கியின் அடித்தளம் ஒரு பக்கம் கூடுதலாக அமிழ்ந்ததே காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். நம் நாட்டில் ராஜஸ்தானின் கோட்டாவில் சம்பல் ஆற்றின் மேல் கேபிள் பாலம் எழும்பிக்கொண்டிருந்தபோது, 2009 டிசம்பர் 24 அன்று கட்டிய பகுதி இடிந்து 48 பேர் போய்விட்டார்கள். அந்தப் பாலம் 2017ல்தான் திறந்தது. இரண்டு பாலங்களிலும் இன்று வண்டிகள் ஓடுகின்றன. முடிந்த நிலையில் நிற்க அந்த வடிவத்தால் முடிந்தது. முடியாத நிலையில்தான் ஆட்களைப் பறிகொடுத்தோம்.

படி 4: படுகையைக் கட்டிப்போட்டு, பைல் இறக்குவது

ஓடுகிற ஆற்றில் எதை நட்டாலும் அதைச் சுற்றி நீர் சுழன்று மணலைக் கிளப்பிக்கொண்டு போகும். கடற்கரையில் அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியில் மணல் நழுவுகிறதே, அதே கதை. சூட்டோங்கில் பைல் வேலைக்கு முன்பே, கோபுரம் வரும் இடத்தில் மணல் மூட்டைகளையும் அதன் மேல் ஜல்லியையும் கல்லையும் அடுக்கடுக்காகப் போட்டுப் படுகையைக் காப்பாற்றினார்கள். அரித்த பிறகு கல்லைக் கொட்டுவதைவிட இது மலிவு.

பிறகு பைல். ஒரு கோபுரத்துக்கு 131 பைல்கள். மேல்பகுதியில் விட்டம் 2.8 மீட்டர், கீழே 2.5 மீட்டர், நீளம் 114 முதல் 117 மீட்டர் வரை. பாறை கிடையாது என்பதால் முழு எடையையும் பக்கவாட்டு மண்ணின் பிடிப்பும் அடி மண்ணும்தான் தாங்க வேண்டும். அதற்காகவே இவ்வளவு நீளம், இத்தனை பைல்.

ஒரு பைல் போடுவது இப்படி:

1. எஃகுக் கேசிங் குழாயைத் தண்ணீர் வழியாகப் படுகைக்குள் அடித்து இறக்குவது. சூட்டோங்கில் இந்தக் கேசிங்குகளையே தூணாக வைத்து மேலே வேலைத் தளத்தை அமைத்தார்கள்.
2. கேசிங்குக்குள் துளையிடும் இயந்திரத்தால் மண்ணைக் குடைந்து எடுப்பது. பக்கச்சுவர் இடியாமல் இருக்கக் கனமான சேற்றுக் கரைசலால் துளையை எப்போதும் நிரப்பி வைக்க வேண்டும். கரைசலின் மட்டம் வெளியே ஆற்று மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். ஓதம் ஏறி இறங்கும் ஆற்றில் இதைக் கவனிக்க ஒரு ஆள் தனியாகவே வேண்டும்.
3. அடியில் படிந்த கசடைச் சுத்தம் செய்துவிட்டுக் கம்பிக்கூட்டை இறக்குவது. 100 மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் கூடு துண்டு துண்டாக இணைந்துகொண்டே இறங்கும்.
4. துளையின் அடி வரை போகும் ட்ரெமி என்ற நீளக் குழாய் வழியாக அடியிலிருந்து மேலே கான்கிரீட் நிரப்புவது.
5. கான்கிரீட் இறுகியதும், முன்பே பதித்த குழாய்கள் வழியாகப் பைலின் அடியில் சிமென்ட் பாலைச் செலுத்தி அங்கே இளகியிருக்கும் மண்ணைக் கெட்டியாக்குவது.

நான்காவது வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இந்த அளவுள்ள ஒரு பைலுக்குச் சுமார் 600 கன மீட்டர் கான்கிரீட் பிடிக்கும். தொடங்கினால் நிறுத்தக் கூடாது. ட்ரெமி குழாயின் வாய் எப்போதும் கான்கிரீட்டுக்குள் சில மீட்டர் புதைந்தே இருக்க வேண்டும். கான்கிரீட் மட்டம் ஏற ஏற, குழாயை மேலே தூக்கித் துண்டு துண்டாகக் கழற்றுவார்கள். மட்டம் எங்கே வந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் குண்டு கட்டிய நாடாவைச் சேற்றுக்குள் இறக்கி, குண்டு கான்கிரீட்டில் தட்டுகிற அந்த மெல்லிய வித்தியாசத்தை விரல் நுனியில் உணர்ந்து அளவு சொல்வார்.

பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பால சைட்டில், இரவு இரண்டு மணி வாக்கில் அந்த அளவைக் குறிக்காமல் விட்டு, குழாயை ஒரு துண்டு அதிகமாகத் தூக்கிவிட்டார்கள். வாய் கான்கிரீட்டை விட்டு வெளியே வந்து சேறு கலந்துவிட்டது. பிறகு ஒலி அலையைச் செலுத்திச் சோதித்தபோது நடுவில் ஒரு அடுக்கு முழுக்கக் கெட்டிருந்தது தெரிந்தது. அந்தப் பைலை விட்டுவிட்டுப் பக்கத்தில் இரண்டு போட்டோம். அதற்குப் பிறகு நான் போன எந்த சைட்டிலும் நாடா பிடிக்கிறவரிடம் வேறு வேலை சொல்ல விட்டதில்லை.

படி 5: பைல் கேப்

131 பைல்களின் தலையையும் ஒன்றாகக் கட்டுகிற கான்கிரீட் மெத்தை இது. சூட்டோங்கில் ஒவ்வொன்றும் சுமார் 114 மீட்டர் நீளம், 48 மீட்டர் அகலம். ஓரத்தில் 5 மீட்டர் தடிமன், கோபுரக் கால் நிற்கும் இடத்தில் 13 மீட்டருக்கும் மேல். ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இதை வார்க்க, பிரம்மாண்டமான எஃகுப் பெட்டி ஒன்றைப் பைல்களுக்கு மேலேயே சேர்த்து, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஜாக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் இயங்க மெல்லக் கீழே இறக்கினார்கள். அடியை அடைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே காய்ந்த இடத்தில் கம்பி கட்டினார்கள்.

இவ்வளவு தடிமனில் கான்கிரீட்டின் பகை அதன் சொந்தச் சூடு. சிமென்ட் இறுகும்போது உள்ளே வெப்பம் ஏறும், வெளிப்புறம் சீக்கிரம் ஆறும், நடுவில் வெடிப்பு விழும். ஃபிளை ஆஷ் என்ற நிலக்கரிச் சாம்பலைக் கலந்து சிமென்ட்டைக் குறைப்பது, அடுக்கடுக்காக வார்ப்பது, உள்ளே குழாய் பதித்துக் குளிர்ந்த நீர் ஓட்டுவது ஆகியவைதான் மருந்து.

படி 6: கோபுரம்

கோபுரத்தோடு சேர்ந்து மேலே ஏறும் வார்ப்பு அச்சான ஏறு பலகையை வைத்துக்கொண்டு ஒரு முறைக்கு நான்கு மீட்டர் அளவில் வார்த்து வார்த்து ஏறுவது. சாய்ந்த கால்கள் தனித்தனியாக எழும்போது உள்பக்கம் விழப் பார்க்கும் என்பதால், இடையிடையே தற்காலிகக் குறுக்குச் சட்டங்களை வைத்து ஜாக்கால் உந்திப் பிடிக்க வேண்டும். மேலே கேபிள்கள் வந்து சேரும் இடத்தில் எஃகு நங்கூரப் பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்காரும். கேபிள் நுழையும் குழாயின் கோணம் இங்கே ஒரு டிகிரியில் சிறு பங்கு தவறினாலும் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி அது பெரிய தவறாகிவிடும்.

அளவை வேலையின் அழகைச் சொல்லும் ஒரு கணக்கு: இரண்டு கோபுரங்களும் செங்குத்தாகத்தான் நிற்கின்றன. ஆனால் பூமி உருண்டை என்பதால், 1088 மீட்டர் தள்ளி 300 மீட்டர் உயரத்தில் நிற்கும் அவற்றின் உச்சிகளுக்கு இடையிலான தூரம் அடிகளுக்கு இடையிலானதைவிடச் சுமார் 5 சென்டிமீட்டர் அதிகம். துல்லியம் தேவைப்படும் வேலையில் 5 சென்டிமீட்டர் சின்ன விஷயமில்லை.

படி 7: தளமும் கேபிளும்

பக்கக் கண்களில் சூட்டோங்குக்குத் துணைத் தூண்கள் உண்டு. 100, 100, 300, அப்புறம் 1088, மறுபடியும் 300, 100, 100 என்று கண்கள் அமைந்திருக்கின்றன. கரைப்பக்கத்துப் பெரிய துண்டுகளை மிதக்கும் கிரேனால் தூக்கி முதலில் வைத்தார்கள். கோபுரத்தை ஒட்டிய துண்டுகளும் அப்படித்தான். அங்கிருந்து இரண்டு பக்கமும் சமமாக நீள ஆரம்பித்து, பக்கக் கண் துணைத் தூண்களோடு சேர்ந்ததும் நடு ஆற்றுப் பக்கம் மட்டும் நீளும். பக்கக் கண் முதலில் சேர்ந்துவிடுவதுதான் நடுவில் நீளும் கைக்குத் தெம்பு. தராசின் ஒரு தட்டைத் தரையில் கட்டிவிட்ட மாதிரி.

ஒரு சாதாரணத் துண்டு 16 மீட்டர் நீளம், சுமார் 450 டன். ஒரு சுற்று வேலை இப்படி நடக்கும். படகு சரியாகக் கீழே வந்து நங்கூரமிடும். தள நுனியில் நிற்கும் கிரேன் துண்டைத் தூக்கும். இரவில், எஃகு முழுவதும் ஒரே வெப்பத்தில் இருக்கும்போது, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தற்காலிகமாகப் பூட்டுவார்கள். வெல்டிங் முடிந்து சோதனை தேறியதும் அந்தத் துண்டுக்கான கேபிள்களை மாட்டி முதல் இழுப்பு. கிரேன் முன்னால் நகரும். இரண்டாவது இழுப்பு. விடியும் முன் அளவை. அவ்வளவுதான், அடுத்த துண்டு.

அந்த விடியற்கால அளவைதான் தளத்தின் நாடித்துடிப்பு. வெயில் ஏறினால் தளத்தின் மேல்தகடு சூடாகி நுனி தொங்கும், கோபுரத்தின் ஒரு முகம் சூடாகி மறுபுறம் சாயும், கேபிள் நீளும். பத்து மணிக்கு எடுத்த அளவை வைத்து எதையும் திருத்தக் கூடாது. அளவை ஆட்கள் நான்கு மணிக்கே கருவியை நிறுத்திவிட்டு, பனியில் நனைந்த தளத்தில் டார்ச் வெளிச்சத்தில் எண்களை வாசித்துச் சொல்ல, ஒருவர் எழுதிக்கொண்டு வருவார். கிரேன் அசையாது, லாரி ஓடாது. கிழக்கு வெளுப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

சூட்டோங்கில் மொத்தம் 272 கேபிள்கள். ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர் எஃகுக் கம்பிகளை இணையாக அடுக்கிக் கட்டிய கட்டு. மிக நீளமானது 577 மீட்டர், 313 கம்பிகள், எடை சுமார் 59 டன். இதைத் தொழிற்சாலையிலேயே செய்து சுருளாகக் கொண்டுவந்து, தளத்தில் விரித்து, ஒரு முனையைக் கோபுரத்துக்கு ஏற்றி, மறுமுனையைத் தளத்தில் நங்கூரத்துக்குள் இழுத்து நுழைப்பார்கள். தேர் வடம் இழுக்கிற எவருக்கும் தெரியும், வடம் தளர்ந்து கிடக்கும்போது அதைத் தூக்கவே ஆள் போதாது. இங்கேயும் அதே சிரமம்தான். முதலில் வின்ச்சாலும் இழுவைக் கம்பிகளாலும் தொய்வை எடுத்த பிறகே ஜாக் வேலை. வேறு பல பாலங்களில் கேபிளை ஒரே கட்டாகக் கொண்டுவராமல், பிளாஸ்டிக் குழாய்க்குள் சில கம்பிகளை முறுக்கிய ஸ்ட்ராண்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துச் சிறிய ஜாக்கால் இழுப்பார்கள். சின்ன சைட்டுக்கும் எதிர்காலத்தில் மாற்றுவதற்கும் அது சுலபம்.

நீளக் கேபிளுக்கு இன்னொரு குணம் உண்டு. இழுத்துக் கட்டிய பிறகும் தன் எடையால் நடுவில் சில மீட்டர் தொய்ந்திருக்கும். மேலும் இழுத்தால் முதலில் தொய்வு குறைகிறது, பிறகே கம்பி நீள்கிறது. எனவே கணக்கில் அது நிஜ எஃகைவிட மென்மையான பொருள் போலத்தான் நடந்துகொள்ளும். இதைச் சேர்க்காத கணக்கு 300 மீட்டர் பாலத்தில் பிழைக்கலாம், 1000 மீட்டரில் பிழைக்காது.

அப்புறம் மழை. லேசான மழையும் மிதமான காற்றும் சேரும்போது கேபிளின் மேல் ஓடும் ஒற்றை நீர்க்கோடு அதன் உருவத்தையே மாற்றி, கேபிளைப் பலமாக ஆட வைக்கும். 1980களில் ஜப்பானில் மெய்கோ நிஷி பாலம் கட்டும்போதுதான் இதை முறையாகக் கண்டுபிடித்தார்கள். பிரான்சின் நார்மண்டி பாலத்தில் கேபிள் உறையைச் சுற்றித் திருகுபோல மெல்லிய வரம்பு ஓடுவதும், சூட்டோங்கில் உறை முழுக்கச் சிறு குழிகள் இருப்பதும் அந்த நீர்க்கோட்டை உடைக்கத்தான். கூடவே கீழ் முனையில் ஆட்டத்தை அடக்கும் டேம்பர்கள். நிரந்தர டேம்பர் வருவதற்கு முன் கட்டும் காலத்திலும் கேபிள் ஆடும் என்பதால், தற்காலிகமாகக் கயிறு கட்டியாவது பிடித்து வைக்க வேண்டும்.

படி 8: இரண்டு கையும் சேரும் நாள்

இணைப்புக்கு முன், ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் சுமார் 540 மீட்டர் நீளக் கை ஆற்றின் மேல் நீண்டு நிற்கிறது. இந்தப் பாலத்தின் வாழ்நாளிலேயே காற்றுக்கு மிகவும் பயப்பட வேண்டிய வாரம் இது. அதனால் அட்டவணையைப் பின்னாலிருந்து போட வேண்டும்: புயல் பருவம் எப்போது, அதற்கு முன் இணைப்பு எப்போது, அதற்குத் தக்கபடி முதல் பைல் எப்போது. சூட்டோங்கில் 2007 ஜூனில், டைஃபூன் பருவம் உச்சத்துக்கு வருவதற்கு முன் சேர்த்தார்கள்.

வெப்பம் 10 டிகிரி மாறினால் ஒரு கை சுமார் 6.5 சென்டிமீட்டர் நீளும் அல்லது குறுகும். இரண்டு கைக்கும் சேர்த்தால் சுமார் 13 சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி ஆடுகிறது. இணைப்புத் துண்டோ எஃகு, அது இழுபடாது. இதற்கு இரண்டு வழி. சில நாட்கள் இடைவெளியை மணிக்கு மணி அளந்து, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் எவ்வளவு இருக்கும் என்று கண்டு, துண்டை அந்த அளவுக்கு வெட்டி அதே வெப்பநிலை வரும் இரவில் பொருத்துவது ஒன்று. இரண்டாவது, துண்டைக் கணக்கிட்ட நீளத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு பக்கக் கையை ஜாக்கால் சற்றுப் பின்னுக்குத் தள்ளி இடம் செய்து, பொருத்திய பிறகு விடுவது. நீளத்தை நம்பி முழுப் பாலத்தையும் கட்டியவர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். சூட்டோங்கும் அந்த வழியைத்தான் எடுத்தது.

பூட்டியதும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கட்டும் காலத்தில் தளத்தைக் கோபுரத்தோடு இறுகக் கட்டிவைத்திருப்பார்கள். இணைப்பு முடிந்த கையோடு அதை அவிழ்த்தாக வேண்டும். இல்லையென்றால் காலை வெயிலில் தளம் நீளப் பார்த்துக் கோபுரத்தைத் தள்ளும்.

படி 9: முடிப்பு வேலைகள்

எஃகுத் தளத்தின் மேல் சாதாரணத் தார் ஒட்டாது, வெயிலில் வழியும். எபாக்சி பிசின் சேர்த்த தாரான எபாக்சி அஸ்பால்ட் போன்ற கலவை தேவை. சூட்டோங்கில் தளம் கோபுரத்தில் செங்குத்தாக உட்காரவில்லை, கேபிளில் மிதக்கிறது. நீளவாக்கில் ஆடுவதைக் கட்டுப்படுத்தக் கோபுரத்துக்கும் தளத்துக்கும் இடையே பெரிய எண்ணெய் டேம்பர்கள் வைத்திருக்கிறார்கள். வெயிலுக்கு மெதுவாக நகர்ந்தால் விட்டுவிடும், புயலிலோ நிலநடுக்கத்திலோ வேகமாக நகர்ந்தால் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு எடை ஏற்றிய லாரிகளை வரிசையாக நிறுத்தித் தளம் எவ்வளவு இறங்குகிறது, லாரிகள் போனதும் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அளக்க வேண்டும். சூட்டோங் 2008 ஜூன் 30ல் முறைப்படி திறந்தது.

படி 10: திறந்த பிறகு

கேபிள் பாலத்தின் கேபிள் என்றைக்கும் இருக்கும் என்று நினைத்து யாரும் கட்டக் கூடாது. வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைக் கழற்றி வேறொன்றை மாட்ட வடிவத்தில் இடம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் மேல் 1983ல் திறந்த லூலிங் பாலத்தில் உறை கெட்டு ஈரம் நுழைந்ததால், சுமார் கால் நூற்றாண்டு கழித்து 72 கேபிள்களையும் மாற்றினார்கள். மாற்ற முடிந்தது, பாலம் பிழைத்தது. இத்தாலியின் ஜெனோவாவில் மொராண்டி பாலத்தின் சாய்வுத் தாங்கிகளைக் கான்கிரீட்டுக்குள் மூடிவைத்திருந்தார்கள். உள்ளே கம்பி அரித்துப்போனது வெளியே தெரியவில்லை. 2018 ஆகஸ்ட் 14 அன்று அது விழுந்து 43 பேர் இறந்தார்கள்.

எனவே நங்கூரத் தலைகளுக்குள் ஈரம் இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது மூடியைத் திறந்து பாருங்கள். கீழ் முனைகளை முதலில் பாருங்கள், தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும். இழுவிசையை அளக்கக் கேபிளைக் கழற்ற வேண்டியதில்லை. வீணைத் தந்தியின் சுருதி போல, அது எத்தனை வேகத்தில் அதிர்கிறது என்பதே இழுவிசையைச் சொல்லிவிடும். ஒரு அதிர்வு உணரியைக் கேபிளில் கட்டிக் கணினியில் பார்த்தால் போதும். 577 மீட்டர் கேபிள் கணக்குப்படி நாலைந்து விநாடிக்கு ஒரு முறை மெல்ல ஆடும். பாலம் திறந்த வாரத்திலேயே எல்லாக் கேபிளுக்கும் இந்த எண்ணை எடுத்து, அன்றைய வெப்பநிலையோடு எழுதி வையுங்கள். இருபது வருடம் கழித்து வரும் பொறியாளர் ஒரு கேபிளின் மேல் சந்தேகப்பட்டால், ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு அந்தப் பட்டியல்தான் இருக்கும்.